காட்டோர நிரையின் தேமல்

நடுத்தோட்டத்து ரப்பர் மரத்துக்கு ஒரே தேமல்தான். சுண்ணாம்பு சிந்தியது போல வெள்ளை வெள்ளையாக இருக்கும். காட்டோரத்து மரத்திலோ சாம்பல், பச்சை, மஞ்சள், ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடிய ரோஸ், கறுப்பாகக் கிறுக்கிவிட்டது போன்றது, அப்பளத் துண்டு மாதிரி விளிம்பு சுருண்டு ஒட்டிக்கொண்டிருப்பது என்று ஒரு மரத்திலேயே அத்தனை வகை. மரப்பாசி என்பார்கள். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளில் அதற்குத் தேமல் என்றுதான் பெயர். மழை பெய்துவிட்டால் சாம்பலாக இருந்ததெல்லாம் பச்சையாகிவிடும். காட்டின் ஈரக்காற்று எதுவரை வந்து படுகிறதோ அதுவரைக்கும் இந்த வகைகளெல்லாம் உண்டு. தோட்டத்துக்கு உள்ளே போகப் போக வெயிலும் காற்றும் பட்டையைக் காய வைத்துவிடும். அங்கே அந்த வெள்ளை ஒன்றுதான் பிழைக்கும்.

இதையெல்லாம் நான் ஆசைப்பட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் சுங்கை ஊடாங்குக்கு உள்ளே இருந்த ஒரு தோட்டத்தில் பால் மரம் வெட்டினேன். எனக்குக் கிடைத்தது காட்டை ஒட்டிய நிரை. கம்யூனிஸ்டு காலம் அது. காட்டுக்குள்ளே ஒளிந்திருப்பவர்கள் எப்போது வேண்டுமானாலும் வெளியே வருவார்கள் என்று மீசை வைத்த ஆண்களே அந்தப் பக்கம் போகப் பயந்தார்கள். கடைசியில் அந்த நிரையை என் தலையில் கட்டினார்கள். ஏன் என்று எனக்குத் தெரியாதா என்ன? என் அண்ணன் காட்டுக்குள் போனவன் என்று பேச்சு. அவனுடைய தங்கச்சியை உள்ளே இருப்பவர்கள் ஒன்றும் செய்ய மாட்டார்கள் என்று ஒரு எண்ணம்.

அண்ணன் தொழிற்சங்கத்தில் இருந்தான். சங்கத்து ஆட்களைப் போலீஸ் பிடிக்க ஆரம்பித்த சமயத்தில், ஒரு காலை வேலைக்கென்று கிளம்பியவன் திரும்பி வரவில்லை. காட்டுக்குள் போய்விட்டான் என்று சிலர் சொன்னார்கள். பிடித்து நாடு கடத்தக் கப்பல் ஏற்றிவிட்டார்கள் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் போலீஸ் எங்களிடம் வந்து அவனைக் கேட்டது. அதனால் அவர்களிடம் அகப்படவில்லை என்று மட்டும் தெரிந்துகொண்டோம். உயிரோடு இருக்கிறானா என்பதுதான் தெரியவில்லை. அம்மா அதை வாய்விட்டுக் கேட்க மாட்டாள். குழாயடிக்குப் போனால், யாராவது ஏதாவது பேசிக்கொள்வார்களா என்று குடம் நிரம்பி வழிந்த பிறகும் நின்றுகொண்டே இருப்பாள். பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் வரும். பிறகு அழுகை வரும்.

ஒரு நாள் வெட்டிக்கொண்டு போகையில் கடைசி வரிசையில் ஒரு மரத்தைப் பார்த்தேன். காட்டைப் பார்த்த பக்கத்தில், என் கண் உயரத்தில், ஒரு கையகலத்துக்குத் தேமல் உரசிப் போயிருந்தது. கீழே இலைச் சருகின் மேல் அதன் துணுக்குகள் பச்சை மாறாமல் கிடந்தன. பன்றி உரசினால் முழங்கால் உயரத்தில் இருக்கும், சேறும் ஒட்டியிருக்கும். இது நின்றுகொண்டு தோளைச் சாய்த்த இடம். என் அண்ணனுக்கு நேராக நிற்கவே தெரியாது. எங்கே நின்றாலும் இடது தோளை எதன்மேலாவது சாய்த்துக்கொள்வான். லயத்தில் எங்கள் வாசல் பக்கத்துச் சுவரில் அவன் தோள் பட்டே சுண்ணாம்பு போயிருந்தது. திரும்பிக் காட்டைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அடுத்த மரத்துக்குப் போய்விட்டேன்.

அன்றிலிருந்து அந்த மரத்தைப் பார்ப்பதுதான் எனக்கு வேலை. சில நாள் உரசல் அப்படியே இருக்கும். சில நாள் ஓரத்தில் புதிதாகக் கொஞ்சம் பெயர்ந்திருக்கும், துணுக்கு விழுந்திருக்கும். அம்மாவிடம் சொன்னேன். அவள் சோறு கொண்டுபோய் வை என்பாளோ என்று பயந்தேன். அது எங்கே முடியும்! காட்டுக்குள் சோறு போகக்கூடாதென்று கம்பி வேலிக்குள் எங்களை அடைத்து வைத்திருந்தார்கள். வாசலில் வாளிக்குள் கைவிட்டுப் பார்ப்பார்கள், கொண்டையைக்கூட அவிழ்க்கச் சொல்வார்கள். ஒரு பிடி அரிசி அகப்பட்டால் ஜெயில்தான். அம்மா அதையெல்லாம் கேட்கவில்லை. நான் வேலை விட்டு வந்து காலைக் கழுவும்போது பக்கத்தில் வந்து நின்று, "இன்னிக்கு இருந்துச்சா?" என்பாள். புதிதாக உரசல் இருந்தது என்றால் அன்றைக்கு அவள் முகமே வேறு.

நான் அந்த மரத்தில் வெட்டும்போது பேச ஆரம்பித்தேன். மரத்தைப் பார்த்துத்தான். அம்மாவுக்கு இருமல் என்பேன். என்னைப் பெண் பார்க்கத் தெங்கேராவிலிருந்து வந்தார்கள் என்பேன். சில நாள் நன்றாகத் திட்டுவேன், உன்னால்தானடா இந்தப் பாடு என்று. பதில் வந்ததே இல்லை. ஆனால் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பது போலவே இருக்கும். கை அது பாட்டுக்கு உளியை இழுக்கும், உடம்பெல்லாம் சிலிர்க்கும். அது பயமா ஆறுதலா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு சோல்ஜர்கள் வந்தார்கள். தடம் பார்ப்பதற்கென்று சரவாக்கிலிருந்து கூட்டிவந்த டாயாக் ஆட்களும் கூட இருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில், மிதிபட்ட புல்லையும் உரசின பட்டையையும் வைத்தே ஒருவன் இருந்த இடத்தைக் கண்டுபிடித்துச் சுட்டுவிட்டார்கள் என்று பேச்சு. உடலை லாரியில் போட்டுத் தஞ்சோங் கிளிங் சாலை வழியாகக் கொண்டுபோனதைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். எங்கள் தோட்டத்திலும் ஒரு டாயாக்காரர் மரம் மரமாக உள்ளங்கையால் தடவிக்கொண்டு போனதை நானே என் கண்ணால் பார்த்தேன். மறுநாள் என் நிரைக்கு வருவார்கள் என்று மண்டோர் சொன்னார். எங்களை மேய்க்கிறவர் அவர்.

அந்த உரசலை அவர்கள் பார்க்கக் கூடாது. அந்த மரத்தை மட்டும் தேய்த்தால் அதுவே காட்டிக்கொடுத்துவிடும். ஆகையால் அன்றைக்குப் பாலை ஊற்றிவிட்டு, தேங்காய் மட்டையை எடுத்துக்கொண்டு திரும்பப் போய், அந்த வரிசை முழுக்கத் தேய்த்தேன். பச்சை, ரோஸ், கிறுக்கல், அப்பளம் எல்லாம் உதிர்ந்து புடவையெல்லாம் தூளாகிவிட்டது. மண்டோர் வந்து இது என்ன புது வேலை என்றார். மழைத் தண்ணீர் பாசிமேல் வழிந்து பால் பிடிக்கிற மங்கில் விழுந்து பால் கெடுகிறது, கெட்டால் என்னைத்தானே ஏசுவீர்கள் என்று பிடித்தேன் ஒரு பிடி. மனுஷன் நம்பிவிட்டார். நம்பியதோடு விட்டாரா, துரையிடம் போய்ச் சொல்லிவிட்டார். துரைக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், காட்டோர மரம் எல்லாவற்றையும் தேய்க்கச் சொல்லி உத்தரவு போட்டார். அதற்காக மற்ற பெண்கள் என்னைச் சபித்த சாபம் கொஞ்சமில்லை.

மறுநாள் அந்த டாயாக்காரர் என் மரத்தடியிலும் நின்றார். தடவினார். சுரண்டி மொட்டையாய்க் கிடந்த பட்டையில் அவருக்கு என்ன தெரியும்? என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துப் பார்த்தாள், தோல் உரிந்திருந்தது. நல்ல காரியம் செய்தாய் என்றாள்.

அதற்கு அடுத்த நாள் நான் காலைக் கழுவும்போது வந்து நின்றாள். "இன்னிக்கு இருந்துச்சா?"

"தேமல் இருந்தாத்தானம்மா தெரியும்?" என்று எரிந்து விழுந்தேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. இனி அவன் வந்து நாளெல்லாம் சாய்ந்து நின்றாலும் அந்தப் பட்டை சொல்லாது.

திரும்ப முளைக்கும் என்று காத்திருந்தேன். பாசி என்ன புல்லா, மழைக்கு மழை வளர? தினமும் அதே மரத்தில் அதே மாதிரி பேசினேன். முதுகுக்குப் பின்னால் அதே மூச்சு இருப்பது போலத்தான் இருந்தது. இருந்ததா, நானாக நினைத்துக்கொண்டேனா, யாரிடம் போய்க் கேட்பது? ஒரு நாளாவது திரும்பிப் பார்த்திருக்கலாம். பார்த்து, அங்கே யாரும் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பயம்.

அப்புறம் ஒளிய இடம் இருக்கக்கூடாதென்று காட்டையே வெட்டிப் பின்னுக்குத் தள்ளினார்கள். என் நிரையில் உச்சி வெயில் விழுந்தது. பட்டை காய்ந்து வெடித்தது. செம்மண் சாலையில் லாரி போனால் புழுதி வந்து மரத்தில் அப்பியது. நான் கல்யாணமாகித் தெங்கேராவுக்குப் போகும்வரை அந்த மரத்தில் ஒன்றும் வரவில்லை. பல வருஷம் கழித்து ஒரு சாவுக்குத் தோட்டத்துக்குப் போனபோது எட்டிப் பார்த்தேன். வெள்ளை மட்டும் வந்திருந்தது. மற்ற வகை ஒன்றுகூட இல்லை. அதுவும் நடுத்தோட்டத்து மரமாகிவிட்டது.

சண்டையெல்லாம் ஓய்ந்து காட்டிலிருந்து சிலர் வெளியே வந்தார்கள். அண்ணன் வரவில்லை, அவனைப் பார்த்தோம் என்றும் யாரும் சொல்லவில்லை. அம்மா கடைசிக் காலத்தில் என்னோடுதான் இருந்தாள். ஒரு பகல் வேளை, நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன், எந்தப் பேச்சும் இல்லாமல் திடீரென்று சொன்னாள். "நீ தேய்க்காம விட்டிருந்தா அந்த எடத்துல பாசி திரும்ப மூடியிருக்கும்லா. மூடிட்டா, அவன் இனி வரமாட்டான்னு தெரிஞ்சிருக்கும். அவனுக்காக நான் தலை முழுகியிருப்பேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் தேய்க்காவிட்டால் அவனையும் லாரியில் போட்டல்லவா கொண்டுவந்திருப்பார்கள், அதுவா உனக்கு வேண்டும் என்று கத்தினேன். நான் செய்தது தப்பென்று அன்றைக்கும் நினைக்கவில்லை, இன்றைக்கும் நினைக்கவில்லை.

"அதுவாச்சும் தெரிஞ்சிருக்கும்லா," என்றாள்.

நான் மீனைத் திரும்பக் கழுவினேன். அடுத்த மழைக்காலத்தில் அம்மா போய்விட்டாள். எல்லாம் முடிந்து வந்து அவளுக்காகத் தலை முழுகினேன். அண்ணனுக்காக இன்னும் யாரும் முழுகவில்லை.