என் பேஸ் கிட்டாரின் தேயிலைப் பெட்டி

இன்று காலை கொழும்பிலிருந்து ஒரு தம்பி பதுளைக்கு என் வீடு தேடி வந்தார். எழுபதுகளில், தன் நாட்டுக்கே திரும்பிப் போன வெள்ளைக்காரத் துரையிடம் நான் வாங்கிய பேஸ் கிட்டாரை விலைக்குக் கேட்டார்.

வாசித்துப் பார்த்தார், முகம் மலர்ந்தது. தான் கொண்டுவந்த புதுப் பெட்டியில் வைத்தார். கிட்டாரின் தலை இடித்தது. மூடி மூடவில்லை.

"இவ்வளவு நாளும் எதுல அங்கிள் வச்சிருந்தீங்க?"

கட்டிலுக்கடியிலிருந்து என் பெட்டியை இழுத்தேன். இறக்குமதி நின்றுபோயிருந்த அந்தக் காலத்தில் பதுளைக் கடைகளில் இதற்குப் பொருந்தும் பெட்டி கிடைக்கவில்லை. கழித்துப்போட்ட தேயிலைப் பெட்டிப் பலகையில் நானே அடித்தேன். உள்ளே, அம்மா மழையில் கொழுந்தெடுக்கும்போது போர்த்திய கம்பளி. மேலே, கறுப்பு மையில் நாங்கள் வேலை செய்த தேயிலைத் தோட்டத்துப் பெயர்.

அந்தப் பெயரைப் பார்த்துத்தான் தோட்டத்து கேட்டில் காவல் நிற்கும் வாச்சர் ஒவ்வொரு கச்சேரிக்குப் போகும்போதும் என்னை மறிப்பார்.

"தேயிலத்தூள்தானே கடத்துற? தொறடா!"

திறப்பேன். ஆனால் சும்மா மூட மாட்டேன். அங்கேயே ஒரு முழுப் பாட்டையும் வாசித்து, அவரைக் கேட்க வைத்துவிட்டுத்தான் மூடுவேன்.

தம்பி பெட்டியைத் தடவிப் பார்த்தார்.

"இதையும் சேர்த்துக் குடுங்க அங்கிள். அந்தத் தோட்டத்துப் பேர மட்டும் சுரண்டிட்டா பாக்க நல்லா இருக்கும்."

"டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க தம்பி. ரெண்டும் விக்கிறதுக்கில்ல."

என்னைத் திருடன் என்று மறித்த வாச்சர்கூட அந்தப் பெயரைச் சுரண்டச் சொன்னதில்லை.

சனிக்கிழமை அப்புத்தளையில் ஒரு கல்யாணத்தில் வாசிக்கிறேன். இதே பெட்டியோடுதான் வருவேன். மறிக்க விரும்புகிறவர்கள் வாசலில் நிற்கலாம். பாட்டு இலவசம்.