பொட்டு வைத்த நூறு மார்க்

கலவரத்தில் எங்கள் கடை எரிந்த பிறகு அண்ணன் ஜெர்மனிக்குப் போனான். அம்மா, அப்பா, நான் மூவரும் கண்டி டவுனை விட்டு ஹந்தானை மலை ஏற்றத்தில் கரண்ட் இல்லாத ஒரு சின்ன வீட்டுக்கு வந்தோம். அப்பாவுக்கு நகரசபையில் வேலை கிடைத்தது. சம்பளம் வந்த கையோடு போய்விடும்.

அண்ணனின் முதல் கடிதம் முழுக்க விலைவாசிதான். ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறானாம். தக்காளியோ சவர்க்காரமோ, எதைக் கையில் எடுத்தாலும் மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்த்து, பயந்து, திரும்ப வைத்துவிடுகிறானாம். "இங்க கடையில ஒரு தேத்தண்ணியும் பணிசும் அஞ்சு மார்க். அந்தக் காசுக்கு நம்ம வீட்டுக்கு ஒரு கிழமை முழுக்கப் பாண் வாங்கலாம். அதனால நான் வெளியில தேத்தண்ணி குடிக்கிறதில்ல" என்று எழுதியிருந்தான். தேயிலை மலையடியில் பிறந்து, நாள் முழுக்க "அம்மா, தேத்தண்ணி" என்று கத்திக்கொண்டு திரிந்தவன் அவன். அந்த வரியை மட்டும் அம்மா என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தாள்.

கொஞ்ச நாளில், ஊருக்கு வந்த ஒருவரிடம் நூறு மார்க் நோட்டு ஒன்றைக் கொடுத்தனுப்பினான். கரண்ட் எடுப்பதற்கு. எங்கள் வாசல் வரை போஸ்ட் நட்டாகிவிட்டது. வெள்ளிக்கிழமைக்குள் டெபாசிட் கட்டாவிட்டால் லைன்காரர்கள் அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். மறுபடி எப்போது வருவார்கள் என்று மின்சாரக் கந்தோரில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கோ உயர்தரப் பரீட்சை வருகிறது. குப்பி விளக்கில் படித்துப் படித்து மூக்கெல்லாம் கரி.

மறுநாள் காலை சாமித் தட்டிலிருந்து நோட்டை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நோட்டில் அச்சடித்திருந்த வெள்ளைக்காரரின் தொப்பிக்குக் கீழே, நெற்றிக்குச் சரியாக, சந்தனமும் குங்குமமும்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க?"

"புள்ளயோட மொதச் சம்பாத்தியம். பொட்டு வைக்காம எடுப்பாங்களா?"

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அப்பாவின் சம்பளத்துக்கும் மாதாமாதம் பொட்டு வைப்பாள். அந்த நோட்டைக் கொடுத்தால் கடைக்காரர் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவார். ஜெர்மன்காரனுக்கு அது தெரியுமா?

வங்கிக்குப் போகும் வழியில், ரோட்டை மறித்த பேரியரில் பையைச் சோதித்த ஆமிக்காரப் பெண் நோட்டைத் தூக்கிப் பிடித்து முறைத்தாள். அம்மா தன் நெற்றிப் பொட்டைத் தொட்டு, நோட்டையும் காட்டினாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போகச் சொன்னாள். வங்கிக்காரர்தான் சிரிக்கவில்லை.

"அழுக்கான வெளிநாட்டு நோட்டு எடுக்கேலாது, அம்மா. கொழும்பில திருப்பிப் போடுவினம்" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"அழுக்கா? சாமி குங்குமம் அழுக்கா?" என்று அம்மா கேட்டது வங்கி முழுக்கக் கேட்டது. நான் அவளை இழுத்துக்கொண்டு வெளியே ஓடினேன்.

வீட்டில் பாண் ரொட்டித் துண்டால் துடைத்தோம். குங்குமம் பரவி, தொப்பிக்காரர் கதிர்காமம் கோயிலுக்குப் போய் வந்தவர் போலானார். மறுநாள் இன்னொரு வங்கியிலும் இதே பதில்தான். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அம்மா மறுபடி முதல் வங்கிக்கே புறப்பட்டாள்.

அங்கே, மாற்றும் கவுண்டருக்கு முன்னால் கதிரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் பயணிகள் காசோலையோடு உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்து, என்ன பிரச்சினை என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். நோட்டைக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தார்.

அவள் ஜெர்மன்காரி. ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கிவிட்டது, அங்கே எந்தக் கடையிலும் இந்த நோட்டை வாங்குவார்கள் என்றாள். தன் காசோலையை மாற்றி, பலகையில் போட்டிருந்த விலைப்படியே ரூபாயை எண்ணித் தந்தாள். எண்ணும்போதே கதை. அவளும் எதை வாங்கினாலும் மாற்றித்தான் பார்ப்பாளாம், மார்க்காக. எல்லாமே மலிவாகத் தெரிகிறதாம். நாளுக்கு மூன்று அன்னாசி சாப்பிடுகிறாளாம். அண்ணனை நினைத்ததும் அவள்மேல் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. காசு நீட்டுகிறவளிடம் எப்படிக் கோபப்படுவது? அதற்குள் அம்மா அவளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமும் கொடுத்துவிட்டாள்.

கந்தோர் பூட்டுவதற்குள் ஓடிப்போய்க் கட்டினோம். லைட் வந்த அன்று அப்பா சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தார். வெளிச்சத்தில்தான் எங்கள் சுவர்கள் எவ்வளவு கரி என்று தெரிந்தது. அதைப் பார்த்தே வயிறு வலிக்கச் சிரித்தோம். கடை எரிந்த பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தோஷம் அதுதான் முதல் தடவை.

நடந்ததையெல்லாம் அண்ணனுக்கு எழுதினேன். அதன் பிறகு யாரிடம் கொடுத்தனுப்பினாலும் உறையில் இரண்டு நோட்டுகள் இருக்கும். பெரியது மாற்றுவதற்கு. மற்றது ஐந்து மார்க். "பெரியதைத் தொடாதீங்க. சின்னதுக்கு எவ்வளவு வேணும்னாலும் பொட்டு வைங்க" என்று எழுதியிருந்தான். ஐந்து மார்க் என்றால் என்ன என்று அம்மாவுக்குத் தெரியும். பொட்டு வைத்து சாமித் தட்டில் அடுக்கினாள். ஒன்றைக்கூட மாற்ற விடவில்லை.

பல வருஷம் கழித்து, நாட்டில் சண்டை இன்னும் முடியாத ஒரு நாளில், ஜெர்மனியில் தங்க விசா கிடைத்து அண்ணன் ஊருக்கு வந்தான். பையைக் கீழே வைப்பதற்குள் அம்மா அந்த நோட்டுக் கட்டைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள்.

"இம்புட்டுத் தேத்தண்ணி நீ குடிக்கல. மொதல்ல குடிச்சு முடி. பொறகு பேசுவோம்."

தட்டு நிறையப் பணிசும் வந்தது. அண்ணன் சிரித்தான், அழுதான், குடித்தான். ஐந்தாவது கோப்பையில், "அம்மா, போதும்" என்று கும்பிட்டான்.

அம்மா நோட்டுக் கட்டைப் பார்த்தாள். அடுப்பில் மறுபடி தண்ணீர் வைத்தாள்.