2232 முதல் 2242 வரை

கனடாவில், மொன்றியலில் சென்-லோரன் பக்கம் இருக்கிற அந்த உறைமரக்கறித் தொழிற்சாலையில் எட்டு வருடம் குடைமிளகாய் வெட்டிய பிரஷாந்தினிக்கு, நாற்பத்துமூன்றாவது வயதில் அலுவலகத்தில் ஒரு மேசையும் கதிரையும் கிடைத்தன. சும்மா கிடைக்கவில்லை. பகல் முழுக்கக் குளிரறையில் நின்றுவிட்டு, பின்னேரம் மெட்ரோ பிடித்துப் போய், மகளின் வயதுப் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருந்து, இரண்டு வருடம் பிரெஞ்சில் புரோகிராமிங் படித்தாள். அவளுடைய உச்சரிப்பைக் கேட்டு அந்தப் பிள்ளைகள் வாய்க்குள் சிரித்தார்கள். சிரித்துவிட்டு அவளிடமே விடையைக் கேட்டு எழுதினார்கள்.

மேசை கிடைத்தது என்றாலும் வேலை நிரந்தரமில்லை. ஆறு மாதம் பார்ப்பார்கள். பெப்ரவரி முடிவில் மேலாளர் ஸ்தெஃபான் ஓம் என்றால் அலுவலகம், இல்லையென்றால் திரும்பவும் கத்தியும் கையுறையும்தான். தோள்மூட்டு தேய்ந்துவிட்டது, இனிக் கத்தி பிடித்தால் கை உயராது என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அவளுக்குக் கீழே பதினொரு பேர் இருந்தார்கள். பதவியால் அல்ல, பழக்கத்தால். 2016இல் அவள் இந்தத் தொழிற்சாலையில் வெட்டுகிற வேலைக்கு நேர்முகம் போனபோது, உன்னைப்போல இன்னும் ஆட்கள் இருக்கிறார்களா என்று மேற்பார்வையாளர் கேட்டார். அடுத்த திங்கட்கிழமை தமிழ்ச் சனம் கூடி வாழ்கிற பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து ஒரு வான் வண்டி நிறையச் சனத்தோடு வந்து இறங்கினாள். மொழி தெரிந்தவள் அவள் என்பதால் வரிசையில் முதலில் நின்றாள். அவளுக்கு 2231. பின்னால் நின்றவர்களுக்கு 2232இலிருந்து 2242 வரை ஒரு எண்ணும் தவறாமல் வரிசையாக விழுந்தது. அந்த எண்ணை அடித்துத்தான் அன்றாடம் வேலைக்குள் நுழைய வேண்டும்.

அன்றையிலிருந்து அவர்கள் பிரஷாந்தினியின் ஆட்கள். கையுறை கிழிந்தாலும் அவளிடம், லீவு வேண்டுமென்றாலும் அவளிடம். கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டவளைத் தாண்டி மேலிடத்தில் வாய் திறப்பது மரியாதைக்கேடு என்பது எங்கள் சனத்தின் எழுதாத சட்டம். எழுதிய சட்டங்களை மீறுகிறவர்கள்கூட இதை மீறுவதில்லை.

ஜனவரியில் ஸ்தெஃபான் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். உணவறைக்கு வெளியே ஒட்டுகிற அறிவித்தல்களில், யார் யாருக்கு எந்த நேர வேலை என்று நூற்றைம்பது இருநூறு எண்களை வரிசையாக அச்சடித்து ஒட்டுவார்கள். சனம் அதன் முன்னால் விரலை வைத்துத் தேடிக்கொண்டு நிற்கும். அந்தப் பட்டியலைச் சுருக்க வேண்டும். தொடர்ச்சியாக வருகிற எண்களை ‘இதிலிருந்து இதுவரை’ என்று எழுதித் தருகிற ஒரு ஃபங்ஷன். “இதை எப்படிச் செய்கிறாய் என்று பார்த்துத்தான் உன் விஷயத்தை முடிவு செய்வேன்” என்றார்.

கேட்கச் சின்ன வேலைதான். எண்களைச் சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போக வேண்டும். அடுத்தது ஒன்று கூடி வந்தால் அதே கூட்டம். இடைவெளி விழுந்தால் அந்தக் கூட்டத்தை மூடி எழுதிவிட்டுப் புதுக் கூட்டத்தைத் தொடங்க வேண்டும். பரீட்சித்துப் பார்க்க எண்கள் வேண்டுமே என்று யோசித்தபோது, நித்திரையிலும் மறக்காத அந்தப் பன்னிரண்டும்தான் அவள் விரலில் வந்தன. தட்டினாள். திரையில் ஒன்றுமே வரவில்லை. பன்னிரண்டு பேரை உள்ளே விட்டால் ஒருவரும் வெளியே வரவில்லை.

ஒன்றரை நாள் மண்டையைப் போட்டு உடைத்த பிறகுதான் விளங்கியது. இடைவெளி விழுந்தால்தான் கூட்டத்தை எழுது என்று சொல்லியிருந்தாள். பட்டியல் முடிகிற இடத்தில் இடைவெளி ஏது? கடைசிக் கூட்டம் மூடப்படாமலே கிடந்தது. பட்டியல் முடிந்த பிறகும் மிச்சமிருப்பதை எழுது என்று ஒரு வரி சேர்த்தாள். 2231–2242 என்று பளிச்சென்று வந்தது. தனியே இருந்தவள் சந்தோஷத்தில் மேசையில் ஒரு தட்டுத் தட்டினாள். எட்டு வருடத்தில் அந்தக் கட்டிடத்துக்குள் அவள் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

ஸ்தெஃபானுக்குக் காட்டும்போதும் அதே எண்களைத்தான் காட்டினாள். அங்கேதான் பிழை விட்டாள். பன்னிரண்டு பேர் எப்படி ஒரே தொடராக வந்தார்கள் என்று அவர் கேட்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தன் ஆட்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவைத்தால் அவர்களுக்கும் உதவும் என்று நினைத்தாள் பாவி. ஒரே வானில் வந்தவர்கள், ஒரே நாளில் சேர்ந்தவர்கள் என்றாள். அதோடு விடாமல், “எட்டு வருடத்தில் ஒருவரும் ஒரு முறைப்பாடு செய்ததில்லை. எதுவென்றாலும் என்னிடம்தான் சொல்வார்கள்” என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டாள். ஸ்தெஃபான் தலையாட்டினார். நல்ல விஷயம் என்றார்.

பெப்ரவரி நடுவில் அவளைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். புது வெட்டு இயந்திரம் வருகிறது, பதினொரு பேரைக் குறைக்க வேண்டும் என்றார். எண்கள் எழுதிய ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார்.

“வெவ்வேறு ஆட்களைத் தெரிந்தெடுத்தால் ஏன் நான், ஏன் அவன் இல்லை என்று ஆளுக்கொரு சண்டை வரும். இவர்கள் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒரே காரணம், ஒரே கூட்டம். நீயே உங்கள் மொழியில் சொல்லிவிடுவாய். குழப்பம் செய்ய மாட்டார்கள் என்று நீதானே சொன்னாய்?”

பிறகு சிரித்துக்கொண்டு, நிரந்தரக் கடிதம் வெள்ளிக்கிழமை தயாராகிவிடும் என்றார்.

அவர்களுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் நாற்பது பேர் இருக்கிறார்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். அந்தப் பதினொரு பேரில் குணேஸ்வரிக்கு ஐம்பத்தொன்பது வயது, இனி எங்கே போய் வேலை கேட்பா என்று சொல்லியிருக்கலாம். ஆறு பேரையாவது விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியிருக்கலாம். ஒவ்வொன்றும் தொண்டை வரை வந்தது. கூடவே வெள்ளிக்கிழமையும் வந்தது. தோள்மூட்டும் வந்தது. அவள் தாளை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

மேசைக்கு வந்து, அறிவித்தலுக்காக அந்த எண்களைத் தட்டினாள். கண் மூடித் திறக்க முதல் விடை வந்துவிட்டது. அவள் எழுதிய ஃபங்ஷன் அவ்வளவு நன்றாக வேலை செய்தது. 2232–2242. தன்னுடைய 2231 இல்லாமல் அது 2232இல் தொடங்கியதைப் பார்த்தபோது அவளுக்குத் தன்மேலே அருவருப்பு வந்தது. ஆனாலும் அச்சடித்தாள்.

மத்தியானம் உணவறை மூலையில் பதினொரு பேரையும் இருத்தி, நின்றபடியே சொன்னாள். சாப்பாடு பாதியில் நின்றது. சிவாஜினிதான் முதலில் வாய் திறந்தாள். கூட்டத்தில் வயது குறைந்தவள் அவள். போன வருடம்தான் வீட்டுக்குக் கடன் எடுத்திருந்தாள்.

“அக்கா, நீங்கள் ஒருக்கால் அந்தாளிட்டைக் கேட்டுப் பாருங்கோவன். நீங்கள் சொன்னாக் கேப்பார்.”

பதினொரு முகமும் அவளைப் பார்த்தன. அந்தக் கணத்திலும் அவள் மாடிப்படி ஏறியிருக்கலாம்.

“கேட்டனான்,” என்றாள் பிரஷாந்தினி. “கனக்கக் கேட்டனான். ஏலாதாம்.”

“பிறகென்ன?” என்றாள் குணேஸ்வரி. சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு மற்றவர்களைப் பார்த்தாள். “இதுக்கு மேலை அந்தப் பிள்ளை என்ன செய்யிறது? கேட்டதே பெரிய விசயம்.” பிறகு கிட்ட வந்து பிரஷாந்தினியின் கையைப் பிடித்தாள். “இனிப் போய்க் கேளாதை பிள்ளை. எங்களுக்காண்டி உன்ரை வேலையையும் கெடுத்துப் போடாதை.”

“ஓமக்கா,” என்றாள் அவள்.

ஒவ்வொருவராக எழும்பி அவளிடம் வந்தார்கள். இரண்டு மூன்று பேர் நன்றி என்றுகூடச் சொன்னார்கள். ஸ்தெஃபானின் அறை பதினான்கு படி மேலே, கதவு திறந்துதான் கிடந்தது. ஒரே ஒருவர் ஏறிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளுடைய பொய் அந்த இடத்திலேயே அம்பிட்டிருக்கும். ஒருவரும் ஏறவில்லை. ஏற மாட்டார்கள் என்று தெரிந்துதான் அவள் அதைச் சொன்னாள்.