குடிக்காமல் வைத்த காப்பி

சுஹைபுக்கு வெள்ளிக்கிழமை என்றாலே பயம். மற்ற நாட்களில் தனிமைக்கு அவனைப் பிடிக்க நேரம் கிடைக்காது. காலையில் பல்கலைக்கழகம். மதியத் தொழுகை முடிந்ததும் வஹ்தாத் நிறுத்தத்துக்கு ஓடி மினிபஸ்ஸில் தொற்றிக்கொண்டால், ஒரு ஃபலாஃபில் ரொட்டியை நின்றபடியே தின்று முடிப்பதற்குள் சஹாப் தொழிற்பேட்டை வந்துவிடும். அங்கே அபூ தய்சீரின் மளிகைக் கிடங்கில் அரை ஷிஃப்ட். தக்காளி விழுது டப்பாக்கள், அரிசி மூட்டைகள், எள் விழுது வாளிகள் எல்லாம் லாரி லாரியாக வந்து இறங்கும், லாரி லாரியாக ஏறிப் போகும். அறைக்குத் திரும்பும்போது உடம்பில் தூக்கம் மட்டும்தான் மிச்சமிருக்கும்.

வெள்ளிக்கிழமை அப்படியல்ல. ஜும்ஆ தொழுகை முடிந்து அம்மான் நகரமே வீட்டுக்குப் போகும். அவன் குடியிருந்தது ஒரு மொட்டைமாடி அறை. தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே செருகி வைத்தது போல நின்றது. கீழே எல்லா மாடியிலும் மக்லூபாச் சோற்றுச் சட்டியைப் பெரிய தட்டில் கவிழ்ப்பார்கள். சோறு சட்டியை விட்டு இறங்கட்டும் என்று அதன் அடியில் கையால் தட்டுவார்கள். பிள்ளைகளும் சேர்ந்து தட்டும். பொரித்த கத்தரிக்காய் வாசனை படியேறி அவன் கதவு வரை வரும். கதவைத் தட்டாமலே திரும்பிப் போகும்.

அவனும் ஒரு காலத்தில் அப்படி ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்து தட்டியவன்தான். வாப்பா மவுத்தான பிறகு, சின்ன வயதிலேயே தனித்துப்போன உம்மாவை அவளுடைய அண்ணன்மார் கரக் ஊரில் ஒருவருக்கு மறுமணம் செய்து கொடுத்தார்கள். முந்தைய வீட்டுப் பிள்ளை இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்பது அந்த மனிதரின் நிபந்தனை. சுஹைபு மாதபாவில் வாப்பாவின் தம்பியான சாச்சா வீட்டில் வளர்ந்தான். படிக்க வேண்டும் என்று சொன்ன நாளில் அந்த வீடும் அவனுக்கு மூடிக்கொண்டது.

உம்மாவுக்கு அவன் போன் பண்ணுவான். கணவர் பக்கத்தில் இல்லையென்றால் அவள் அழுவாள். இருந்தால், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பேசுவது போலப் பேசுவாள்.

"யாரு, உம்மு ஹானியா? நல்லா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா, உம்மு ஹானி?"

சாப்பிட்டேன் என்று உம்மு ஹானி சொல்லுவான். பெற்ற மகனை வேறு ஒருத்தியின் பெயரால் கூப்பிடும் தாயின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்! அதை அவன் அவள் பேச்சிலிருந்தே அளந்து வைத்திருந்தான். அவள் எத்தனை தடவை உம்மு ஹானி என்கிறாளோ, அந்த அளவுக்கு அன்றைக்கு அவளுக்கு அழுகை முட்டுகிறது என்று அர்த்தம்.

பல்கலைக்கழகத்தில் அவனுக்குக் கூட்டாளி யாரும் அமையவில்லை. வகுப்பு முடிந்ததும் எல்லோரும் தேநீர்க் கடைக்குத் திரும்பும்போது அவன் பஸ்ஸுக்குத் திரும்பினான், அவ்வளவுதான் காரணம். சட்டையில் அட்டைப்பெட்டி வாசனை வருகிறது என்று ஒருமுறை ஒருத்தன் சொன்னான். அன்றிலிருந்து கடைசி வரிசையில் ஜன்னலோரமாக உட்காரப் பழகிக்கொண்டான். கிடங்கிலோ அவனுக்கு எஞ்சினியர் என்று பெயர். வைத்தவன் ஷஹாத்தா, மேல் எகிப்திலிருந்து வந்து மூட்டை தூக்குகிறவன். சிரிக்காமல் கிண்டல் பண்ணுவதில் கெட்டிக்காரன்.

"எஞ்சினியரே, இந்த மூட்டையைத் தூக்காமலே லாரியில ஏத்த உங்க புஸ்தகத்துல ஏதாவது கணக்கு இருக்கா?"

எல்லோரும் சிரிப்பார்கள். சுஹைபும் சிரிப்பான். அங்கேயும் அவன் அவர்களில் ஒருவன் இல்லை, இங்கேயும் இல்லை.

இப்படியே சிவில் எஞ்சினியரிங்கின் கடைசிப் பருவம் வரை வந்துவிட்டான். முழுப் படிப்பையும் அந்த அரை ஷிஃப்ட்தான் சுமந்தது. மீதிக் கட்டணத்தைத் தேர்வுக்கு முன் கட்ட வேண்டும். கட்டாதவன் பெயர் தேர்வுப் பட்டியலில் வராது. தேர்வு வரும் இந்த ஜனவரியைக் கடந்துவிட்டால் கரை தெரிந்துவிடும் என்று அவன் நம்பியிருந்த வேளையில்தான் அது நடந்தது.

ஒரு வியாழக்கிழமை, கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ரத்வான் எல்லோரையும் கூட்டி நிறுத்தினான். ரத்வான் முதலாளி அபூ தய்சீரின் தங்கை மகன். முழங்கால் வலி வந்த பிறகு முதலாளி சாவிக்கொத்தை நாலு பேர் முன்னிலையில் அவன் கையில் கொடுத்து, இனி கிடங்கு விஷயத்தில் நான் வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தார். ரமதான் சரக்கு வந்து குவியப் போகிறது, லாரிகள் விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும், அதனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அரை ஷிஃப்ட் கிடையாது, முழுநாள் வர முடிகிறவர்கள் மட்டும் வரலாம் என்றான் ரத்வான்.

சுஹைபு அவன் பின்னாலேயே போனான். தேர்வு வரைக்கும் மட்டும் என்று கெஞ்சினான். ஒருத்தனுக்காக விதியை மாற்றினால் நாளைக்கு எல்லோரும் வந்து நிற்பார்கள் என்றான் ரத்வான். அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. சுஹைபு விடாமல் நின்றதும் அவனுக்கு எரிச்சல் வந்தது.

"இவ்வளவு பெரிய கோரிக்கையா? அப்ப ஒரு ஜாஹாவைக் கூட்டிக்கிட்டு மாமு வீட்டுக்கு வா. பேசலாம்."

கிடங்கு முழுக்கச் சிரித்தது. பெண் கேட்கவும், பகை தீர்க்கவும் போகிற பெரியவர்களின் கூட்டம்தான் ஜாஹா. தேவைப்பட்டவன் வாய் திறக்க மாட்டான். அவனுக்காகச் சொந்தத்தில் மூத்த ஒருவர் பேசுவார். வீட்டுக்காரர் காப்பி கொடுப்பார். அதைக் குடிக்காமல் கீழே வைப்பார்கள். வந்த காரியம் ஆனால்தான் குடிப்பது. குடிக்காமல் எழுந்து போனால் அந்த வீட்டுக்கே அவமானம். அரை நாள் வேலைக்காக ஜாஹா வந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஆனால் கிண்டலாகச் சொன்ன அந்தச் சொல் சுஹைபின் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது. அவனுக்கு வேறு வழியும் இல்லை.

மறுநாள் ஜும்ஆ முடிந்ததும் மாதபாவுக்குப் போனான். சாச்சா வீட்டில் மன்சஃப் என்ற கறிச்சோற்றுத் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சாச்சா சற்று நகர்ந்து இடம் கொடுத்தார். உட்காராமலே அவன் விஷயத்தைச் சொன்னான். என்னோடு வந்து எனக்காக ஒரு வார்த்தை பேசுங்கள், வேறு எதுவும் வேண்டாம் என்றான்.

சாச்சா கையிலிருந்த சோற்று உருண்டையை வாயில் போட்டு, நிதானமாக மென்று விழுங்கினார்.

"கொலை விழுந்தா ஜாஹா போவோம். பொண்ணு எடுக்கப் போவோம். மூட்டை தூக்கற வேலைக்கு ஜாஹா போனேன்னு ஊர்ல சொல்லிக்கவாடா? படிப்பைத் தூக்கிப் போட்டுட்டு முழுநாள் போ. உன் வாப்பா எஞ்சினியராவா இருந்தான்?"

சாச்சாவின் பிள்ளைகள் தட்டைப் பார்த்தபடி சிரித்தார்கள். சுஹைபு ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வந்தான். மறுபடி கூப்பிடுவார்களோ என்று தெருமுனை வரை மெதுவாக நடந்து பார்த்தான். யாரும் கூப்பிடவில்லை.

அம்மானுக்குத் திரும்பி, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு முகாபலைனில் அபூ தய்சீரின் வீட்டு வாசலில் போய் நின்றான். பெரியவர் மெத்தையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரத்வானும், அக்கம்பக்கத்து ஆட்கள் சிலரும். கிடங்குப் பையன் ஒருத்தன் வெள்ளிக்கிழமையில் வந்திருக்கிறானே என்று யாரும் ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொன்னார்கள். பெரியவரின் மகன் நீண்ட மூக்குள்ள கூஜாவிலிருந்து சின்னக் கிண்ணத்தில் காப்பி ஊற்றிக் கொடுத்தான்.

சுஹைபு வலது கையால் வாங்கி, தன் முன்னால் கம்பளத்தில் வைத்தான்.

பெரியவர் நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டார்.

"குடிப்பா."

"எனக்கு ஒரு தேவை இருக்கு, ஹாஜியார். அது தீராம குடிக்க மாட்டேன்."

பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கழுத்தை நீட்டி வாசலைப் பார்த்தார். "மத்தவங்க எங்கே? வண்டியை நிறுத்திட்டு வர்றாங்களா?"

"மத்தவங்க யாரும் இல்லை. நான் மட்டும்தான்."

ஒருவர் சிரித்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் பெண் கேட்கக்கூடத் தனியாகக் கிளம்பிவிட்டார்கள் என்றார் இன்னொருவர். ரத்வானின் முகம் கறுத்தது. தான் விட்ட கிண்டல் வீடு தேடி வந்திருப்பது அவனுக்குத்தான் புரியும்.

"உனக்காக யார் பேசறது? உன் வாப்பா எங்கே?" என்று கேட்டார் பெரியவர்.

"மவுத்தாயிட்டாங்க."

"சாச்சா, பெரியப்பா?"

பொய் சொல்ல சுஹைபுக்கு மனம் வரவில்லை. பெரியவர்களைக் குறை சொல்லவும் வரவில்லை.

"சாச்சா சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, ஹாஜியார்."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் தன் காப்பியைக் குடிக்கத் தூக்கியவர், அப்படியே கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

அபூ தய்சீர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மகன் தாங்க வந்தான். வேண்டாம் என்று கையால் விலக்கினார். முழங்கால் நொடிக்க நொடிக்க அறையைக் கடந்து வந்து சுஹைபின் பக்கத்தில் உட்கார்ந்தார். தனக்கும் ஒரு காப்பி ஊற்றச் சொல்லி வாங்கி, அதைக் குடிக்காமல் அவன் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார். காதைச் சாய்த்தார். சுஹைபு தன் தேவையைச் சொன்னான். வாப்பா போன பிறகு ஒரு மனிதர் அவ்வளவு அருகில் வந்து உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"ரத்வான்," என்றார் பெரியவர். "சாவியை உன் கையில கொடுத்தவன் நான். அதனால இது உத்தரவு இல்ல. இந்தப் பையனோட ஆளா வந்து கேட்கறேன். தேர்வு முடியற வரைக்கும் அவனுக்கு அரை ஷிஃப்ட் வேணும்."

"மாமு, முதல்ல உங்க இடத்துக்கு வாங்க. பார்க்கவே நல்லா இல்ல."

"காப்பி ஆறுது."

ரத்வான் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கெட்டவன் அல்ல. எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லை எப்படித் திரும்ப எடுப்பது என்பதுதான் அவன் தவிப்பு. கடைசியில் ரத்வான் நிமிர்ந்தான்.

"கோழி வைக்கிற குளிர் அறையில அரை ஷிஃப்ட் வெச்சாகணும். அங்கே முழுநாள் எவனும் தாங்க மாட்டான். ஆனா தனியா நிக்கணும். பேச்சுத்துணைக்குக்கூட ஆள் கிடையாது. சம்மதமா?"

அந்த நேரத்தில் சுஹைபுக்குச் சிரிப்பு வந்தது என்றால் நம்புவீர்களா?

"பழக்கம்தான்" என்றான்.

கிண்ணத்தை எடுத்தான். காப்பி நன்றாக ஆறியிருந்தது. ஆறினால் கசப்பு இன்னும் கூடும். ஒரு சொட்டு விடாமல் குடித்தான். பெரியவரும் குடித்துவிட்டு, பெண் கேட்கப் போகிற அன்றைக்கும் என்னையே கூப்பிடு, இந்த முழங்கால் அதுவரை தாங்கினால் வருகிறேன் என்றார். அறை சிரித்துக் கலைந்தது.

மொட்டைமாடிக்குத் திரும்பியபோது இருட்டிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய செய்தியைக் கொண்டுவந்திருக்கிறான். சொல்வதற்கு அங்கே தண்ணீர்த் தொட்டிகள்தான் இருந்தன. உம்மாவுக்குப் போன் பண்ணினான்.

"யாரு, உம்மு ஹானியா?"

வேலை நிலைத்தது, பரீட்சை எழுதலாம், குளிர் அறையில் போட்டிருக்கிறார்கள் என்று வேகவேகமாகச் சொன்னான். அந்தப் பக்கம் டிவி சத்தமும் ஓர் ஆணின் இருமலும் கேட்டன. உம்மா பேசினாள்.

"ரொம்ப சந்தோஷம், உம்மு ஹானி. உங்க மகன்கிட்ட சொல்லுங்க, உம்மு ஹானி. உள்ளே ஒரு கம்பளி பனியன் போட்டுக்கச் சொல்லுங்க. பிள்ளைக்குச் சின்ன வயசுலேயே நெஞ்சுச் சளி, உம்மு ஹானி."

சொல்கிறேன் என்றான் அவன். அவள் வைத்த பிறகும் நெடுநேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை குளிர் அறையின் கனத்த இரும்புக் கதவு அவன் பின்னால் மூடியது. உறைந்த கோழிப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஜனவரிக் குளிர் அதற்கு முன்னால் வெயில் மாதிரி. தடித்த ஜாக்கெட்டுக்குள், கம்பளி பனியனுக்குள், சுஹைபு பெட்டிகளை இறக்கினான், அடுக்கினான். வாய் சும்மா இருந்தால் உறைந்துவிடும் போலிருந்தது. தேர்வுப் பாடங்களைச் சத்தமாக ஒப்பித்தான். ஒவ்வொரு வரியும் வெண்புகையாக வெளியே வந்து கரைந்தது. கேட்பதற்குக் கோழிகள் இருந்தன. அவை அட்டைப்பெட்டி வாசனையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

தேநீர் நேரத்தில் வெளியே இருந்து கதவில் இரண்டு தட்டு விழுந்தது. ஷஹாத்தாவின் குரல்.

"எஞ்சினியரே, உயிரோட இருக்கியா?"

வெளியே சிரித்தார்கள். "இருக்கேன்" என்று கத்தினான் சுஹைபு.

மறுநாளும் தட்டினான். அதற்கு அடுத்த நாளும். கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. பிறகு வெளியே சிரிப்பு நின்றுபோனது. தட்டு மட்டும் நிற்கவில்லை. ஒருநாள் ஷஹாத்தா காய்ச்சலில் படுத்துவிட்டான். அன்றைக்குத் தட்டு விழவே இல்லை. பெட்டிகளுக்கு நடுவில் நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், தினமும் தான் அதற்காகக் காத்திருந்தது அவனுக்கே தெரிந்தது.

கட்டணத்தைக் கட்டினான். பட்டியல் ஒட்டிய காலையில் கூட்டத்துக்குள் நுழைந்து தன் பெயரைக் கண்டுபிடித்தான். சுற்றிலும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நின்றார்கள். அவன் தன் பெயரின் மேல் ஒருமுறை விரலை வைத்தான். பிறகு பஸ்ஸுக்கு நடந்தான்.

மதியம் கதவில் இரண்டு தட்டு.

"எஞ்சினியரே, உயிரோட இருக்கியா?"

"இருக்கேன். பட்டியல்ல பேர் வந்துடுச்சு."

பதிலைக் கேட்காமலே போய்விட்டான் என்று நினைத்தான் சுஹைபு. அப்போது ஷஹாத்தாவின் குரல் கிடங்கு அதிரக் கேட்டது.

"டேய், நம்ம எஞ்சினியர் பேர் வந்துடுச்சாம்டா."

யாரோ ஒரு காலி வாளியைக் கவிழ்த்து அதன் அடியில் தட்ட ஆரம்பித்தார்கள். இன்னொருவன் சேர்ந்துகொண்டான். பிறகு இன்னும் பலர், தகரத்தில், அட்டையில், இரும்புக் கதவிலும். வெள்ளிக்கிழமை மதியங்களில் கீழ்மாடிகளிலிருந்து ஏறி வரும் அதே தாளம்.

கதவு மூடியேதான் இருந்தது. அவன் உறைந்த பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி அந்தச் சத்தம் ஓயும்வரை கேட்டுக்கொண்டு நின்றான். கன்னத்தில் இறங்கியது மட்டும் அந்த அறையில் சூடாக இருந்தது. பிறகு பெட்டியை அதன் இடத்தில் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தான்.