வாப்பாவை நடக்கப் பழக்கிய மாதங்கள்

வாப்பா விழுந்த சத்தத்தை நான் தேங்காய் விழுந்த சத்தம் என்றுதான் நினைத்தேன். மாத்தளையில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் மூன்று தென்னைகள் நின்றன. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் ஏதாவதொன்று விழும். அதனால் சோற்றுப் பானையை இறக்கி, கஞ்சியையும் வடித்து வைத்துவிட்டுத்தான் வெளியே போனேன். கிணற்றடிக்கு இறங்கும் படியில் வாப்பா குப்புறக் கிடந்தார். ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்கப் போனவர். துவாய் தோளிலேயே இருந்தது. புரட்டியதும் வாந்தி எடுத்தார். "தலை" என்றார். இன்னும் ஒருமுறை "தலை" என்றார். அதற்குப் பிறகு நான்கு மாதங்கள் அவர் வாயிலிருந்து ஒரு தமிழ்ச் சொல்லும் வரவில்லை.

நான் கஞ்சி வடித்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி உம்மாவிடம் கடைசிவரை சொல்லவில்லை.

தலைக்குள் படம் பிடித்துப் பார்க்கும் வசதியெல்லாம் அப்போது கிடையாது. கண்டி ஆஸ்பத்திரியில் முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்த்தார்கள். அதில் இரத்தம் கலந்திருந்தது. மூளையில் ஓர் இரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். ஐந்து கிழமைகள் ஜன்னலை மூடி, தலையை அசைக்கவிடாமல் படுக்க வைத்திருந்தார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் என்னைத்தான் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு அப்போது இருபது வயது. வேறு பிள்ளைகள் இல்லை. வாப்பா முக்கக்கூடாது, விழக்கூடாது, கோபப்படக்கூடாது. இன்னொரு தரம் வெடித்தால் இங்கே கொண்டுவந்தும் பயனில்லை என்றார். அதே மூச்சில், கையையும் காலையும் சும்மா விட்டால் விறைத்துவிடும், தினமும் பயிற்சி கொடுத்து நடக்கப் பழக்குங்கள் என்றும் சொன்னார். விழாமல் எப்படி நடக்கப் பழக்குவது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த சிங்கள மிஸ் ஒருவர் எல்லாவற்றையும் எனக்குச் செய்து காட்டியிருந்தார். தோளைப் பிடித்துக் கையைத் தூக்க வேண்டும். சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாக நீட்ட வேண்டும். கதிரையிலிருந்து எழுப்பி நிறுத்தி நூறு எண்ண வேண்டும். பிறகு ஓரடி, இரண்டடி.

முதல் நாளே எழுப்பி நிறுத்தினேன். வாப்பாவின் முகம் சிவந்தது, நெற்றி நரம்பு புடைத்தது. எனக்கு அந்த நரம்பு மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. இருபது எண்ணுவதற்குள் உட்கார வைத்துவிட்டேன். உம்மா குசினி வாசலில் நின்று அழுதார். "அவரப் படுக்க விடு மகள். கிடந்தாலும் எனக்கு ஆள் இரிக்கணும்," என்றார்.

உம்மா வீட்டிலிருந்த சத்தங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார். உரலை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். கதவுச் சட்டத்தில் பழந்துணி வைத்துக் கட்டினார். வந்து பார்ப்பவர்களிடம் நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ எதையும் சொல்ல வேண்டாம் என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டார். வாப்பா தும்மினால் நாங்கள் இருவரும் செய்த வேலையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்ப்போம்.

பிறகு நான் பொய் சொல்லத் தொடங்கினேன். உம்மா பயிற்சி நேரத்தில் உள்ளே வரமாட்டார்; அவரால் பார்க்க முடியாது. கதவைச் சாத்திக்கொண்டு நான் வாப்பாவின் விரல்களை மட்டும் கொஞ்சம் தடவிக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வெளியே வந்து எல்லாம் செய்தாகிவிட்டது என்பேன். வாப்பா என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். கண்ணில் கேள்வி இருந்தது, கேட்கச் சொல் இல்லை. இப்படிப் பதினோரு நாட்கள்.

கிளினிக்குக்குப் போனபோது மிஸ் வாப்பாவின் கையை நீட்டப் பார்த்தார். முழங்கை பாதிக்கு மேல் விரியவில்லை. வலியில் வாப்பா முனகினார். மிஸ் என்னைத் திட்டவில்லை. பயமா என்று சிங்களத்தில் கேட்டார். ஆமென்றேன். அவர் வாப்பாவை எழுப்பி, அந்தப் பெரிய உடம்பை என் தோளில் சாய்த்துவிட்டு, தன் இரண்டு கைகளையும் எடுத்துவிட்டார். நான் நடுங்கியது வாப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் இடது கை மெதுவாக வந்து என் முதுகைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு நான்கு அடி நடந்தோம்.

அதன்பின் நான் ஏமாற்றவில்லை. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு நாளும் அவரை எழுப்பும் முன் என் உள்ளங்கை வியர்த்துவிடும், துடைத்துவிட்டுத்தான் பிடிப்பேன். கொஞ்சம் கொஞ்சமாக, இடது கையில் ஊன்றுகோலோடு வாசல்வரை நடக்கப் பழகினார்.

ஒரு மஃரிபு தொழுகை நேரம், கதிரையில் உட்கார்ந்தபடி வாப்பா திடீரென்று குர்ஆனின் அல்ஹம்து சூராவை அரபியில் ஓதினார். ஒரு சொல் பிசகாமல், முடியும் வரைக்கும் ஓதினார். உம்மா ஓடிவந்தார். ஆள் சுகமாகிவிட்டார் என்றே நினைத்துவிட்டார். "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டார். வாப்பா வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றார். பிறகு தொடையில் குத்திக்கொண்டு அழுதார். அந்த அழுகை அவர் தலையை என்ன செய்யுமோ என்று நான் அவர் கண்மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து வந்தது சிங்களம். வாப்பா பல்லேகமப் பக்கம் கிழமைக்கு இரண்டு நாள் பஸ்ஸில் போய் மிளகும் ஏலமும் வாங்கி வரும் வியாபாரி. அங்குள்ள சிங்கள விவசாயிகளோடு பேசிப் பேசியே பாதி வாழ்க்கை போயிருந்தது. "வத்துர" என்று தண்ணீர் கேட்டார். சரி என்பதற்கு "ஹரி" என்றார். உம்மாவுக்குச் சிங்களம் சரியாக வராது. இருபத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவரோடு பேச என்னை நடுவில் நிறுத்த வேண்டியிருந்தது. நான் பேசும்போது உம்மா வேறெங்கோ பார்ப்பார்.

நான்காம் மாதக் கடைசியில் ஒரு காலைநேரம், உடுப்புக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். கதிரை வெறுமையாக இருந்தது. ஊன்றுகோலும் இல்லை. முதலில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தேன். அந்தக் கறுப்புத் தண்ணீரில் என் தலை மட்டும் தெரிந்தது. பிறகு வடிகான், பிறகு ரயில் பாதை. முக்காடு எப்போது விழுந்தது என்று தெரியாது. வெறுங்காலோடு தெருவில் ஓடினேன். கீரை விற்ற சிங்களப் பெண் ஒருத்தி, நான் கேட்கும் முன்னரே பஸ் நிலையத்தின் பக்கம் கையைக் காட்டினாள்.

பல்லேகம பஸ்ஸில், டிரைவருக்குப் பின்னால் தன் வழக்கமான இடத்தில் வாப்பா உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான்களை இடம் மாற்றிப் போட்டிருந்தார். பல்லேகமவுக்கு ஒன்று என்று சிங்களத்தில் கேட்டாராம். கண்டக்டருக்கும் பழைய ஆளைக் கண்ட சந்தோஷம், டிக்கட் கொடுத்துவிட்டான்.

அத்தனை பேருக்கு முன்னால் வாப்பாவைப் பார்த்துக் கத்தினேன். வாழ்க்கையில் அதற்கு முன் அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. விழுந்திருந்தால் என்ன செய்வது, உம்மாவுக்கு யார் பதில் சொல்வது, நாங்கள் எப்படிப் பயந்து பயந்து சாகிறோம் தெரியுமா என்று என்னென்னவோ சொன்னேன். வாப்பாவின் முகம் சிவந்தது. நெற்றி நரம்பு புடைத்தது. நான் சட்டென்று நிறுத்தினேன். கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

"வாய மூடு," என்றார் வாப்பா.

தமிழில். தெளிவாக. பஸ்ஸில் யாருக்கும் அதில் ஒரு விசேஷமும் தெரியவில்லை. நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவரும் தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல என்னைப் பார்த்தார். கண்டக்டரும் நானும் பிடித்து இறக்கினோம். வீடு வரைக்கும் நடந்தே வந்தோம். நாலு இடத்தில் நின்றோம். அன்று பொழுது சாயும் வரைக்கும் தலை வலிக்கிறதா என்று அவரைக் கேட்டுக்கொண்டேயிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

உம்மாவிடம் நடந்ததைச் சொன்னபோது, வாப்பா கோபப்பட்டதைக் கேட்டு முதலில் நெஞ்சில் கை வைத்தார். பிறகு, எந்தச் சொல் சொன்னார் என்று கேட்டார். சொன்னேன். அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்.

தமிழ் அதன்பின் துண்டு துண்டாக வந்தது. என் பெயர் வர இன்னும் ஒரு வருடம் எடுத்தது. உம்மாவின் பெயர் அதற்குக் கொஞ்சம் முன்பே வந்துவிட்டது. வலது கை கடைசிவரை மடங்கியே இருந்தது. அந்தப் பதினோரு நாட்கள் இல்லாவிட்டால் விரிந்திருக்குமா என்று மிஸ்ஸிடம் ஒருமுறை கேட்டேன். யாராலும் சொல்ல முடியாது என்றார். வாப்பா இன்னும் ஒன்பது வருடம் இருந்தார். இடது கையால் சாப்பிட வேண்டியிருந்ததில் அவருக்கு வெட்கம், அதனால் ஆட்கள் வந்தால் சாப்பிடமாட்டார். கடைசியில் நெஞ்சில் சளி கட்டித்தான் மௌத்தானார்.

அந்தப் பதினோரு நாட்களுக்காக அவருக்கு என்மேல் கோபம் இருந்ததா என்று தெரியாது. நான் கேட்கவில்லை.