தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

இந்த நாமக்கல் பக்கத்தில் குழந்தையைத் தராசில் வைக்க விடமாட்டார்கள். தொடலாம், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்கலாம், கசப்பு மருந்தும் புகட்டலாம். தராசை எடுத்தால் மட்டும் முந்தானையால் மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். எடை சொன்னால் கண் பட்டுவிடுமாம். யாழ்ப்பாணத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நான் வேலை பழகிய காலத்தில், அடுத்த கட்டிலுக்கும் கேட்கும்படி பிள்ளையின் எடையை உரக்கச் சொல்லச் சொன்ன தாய்மாரை நினைத்துக்கொள்வேன். அங்கும் தமிழ், இங்கும் தமிழ் என்று நம்பித்தான் சென்னையில் மருத்துவப் படிப்பு முடிந்ததும் இங்கே வேலைக்கு வந்தேன்.

பிறந்த சில நாட்களில் தாடை இறுகிச் சாகும் சிசுக்களைப் பற்றியதே என் ஆராய்ச்சி. கொடி அறுத்த தொப்புளில் வரட்டிச் சாம்பல் அப்புவதுதான் காரணம் என்று தெரியும். அதைக் கைவிடச் செய்யும் வழிதான் தெரியவில்லை. மோகனூர்ப் பக்கத்துச் செல்லாயி எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணைப் பெற்றாள். முன்பு வீட்டில் பெற்ற மூன்றும் அப்படியே போயிருந்தன. "பால் குடிக்க வாய் தொறக்கலீங்க," என்றாள், இந்த வருஷம் மழையில்லை என்பதுபோல. சாம்பலை விடும்படி அவள் மாமியாரிடம் மன்றாடினேன். "அதெப்படீங்க உடறது? புண்ணு ஆற வேண்டாமுங்களா?" என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்குப் புறப்படும் காலையில் அந்த மாமியார் என் கையில் ஒரு பிடி தவிட்டைத் திணித்தார். செல்லாயி குழந்தையை என் மடியில் கிடத்தி, அதே தவிட்டை முந்தானையில் ஏந்தி வாங்கிக்கொண்டாள்.

"வித்தாச்சுங்க," என்றார் மாமியார்.

"என்ன செய்யிறியள்? பெத்த பிள்ளையை விக்கிறியளோ?" என்று கத்திவிட்டேன்.

ஆஸ்பத்திரி ஆயா சிரித்தாள். "பதறாதீங்கம்மா. புள்ளை தங்காத ஊட்டுல இப்படிப் பண்றதுதானுங்க. கடலுக்கு அந்தாண்டவங்க புள்ளைன்னா எமன் இங்க வந்து தேட மாட்டானுங்களே!"

குழந்தையைத் திருப்பிக் கொடுக்க எழுந்தவளுக்கு அப்போதுதான் உறைத்தது. "என்ரை பிள்ளையெண்டால் என்ரை சொல்லுத்தானே? தொப்புளிலை சாம்பல் வைக்கக் கூடாது."

"உங்க புள்ளை, உங்க இஷ்டமுங்க. நாங்க வளத்துத்தானே குடுக்கறோம்," என்றார் மாமியார், ஒரு தயக்கமுமின்றி. இதை வாசிக்கும் யாழ்ப்பாணத்துச் சகோதரிகள் நம்பமாட்டீர்கள். அதன்பின் தராசுக்கும் தடையில்லை. "அடுத்தூட்டுப் புள்ளைய நிறுத்தா நமக்கென்னங்க?"

குழந்தை பிழைத்தது. விற்றதும் வாங்கியதும் வெறும் பாவனை என்றே நான் எண்ணியிருந்தேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன் என்று கேள்விப்பட்டுச் செல்லாயி வந்தாள். இடுப்பில் குழந்தை, கையில் அதன் துணிமூட்டை. முகம் அழுது வீங்கியிருந்தது.

"கூட்டிட்டுப் போறீங்கன்னு கொண்டாந்தேனுங்க. சாமிக்கு முதுகு தட்டுனாத்தானுங்க தூக்கம் வரும்," என்றாள், குழந்தையின் தலையைத் தடவி.

சாவுகளைப் பார்த்தபோதுகூட நான் அப்படி அதிர்ந்ததில்லை. "நீயே திரும்ப வாங்கிக்கொள்ளன்," என்றேன்.

"ஐயோ, எமன் காதுல உழுந்துருமுங்க!"

"அப்ப என்ரை பிள்ளை உன்னட்டையே இருக்கட்டும்."

மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "போறேன்னு சொல்லாதீங்க. வாரேன்னு சொல்லுங்க." சொன்னேன்.

தலைமன்னாருக்குப் போகும் கப்பலில், பக்கத்திலிருந்த யாழ்ப்பாணத்து அம்மா பேச்சுக்கொடுத்தார். "பிள்ளையள் இருக்கே?"

"ஒண்டு. மோகனூரிலை."

அவர் தாலியில்லாத என் கழுத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பின்னே ஒரு கரை மறைந்திருந்தது. மற்றது இன்னும் தெரியவில்லை. விளக்கிச் சொல்லியிருக்கலாம். எமன் காதில் விழுந்துவிடுமோ என்று, மருத்துவம் படித்த நான் வாயைத் திறக்கவில்லை.