மூன்று எண்ணுவதற்குள் எழுந்த பிணம்

1. சிபாரிசு

எழுபதுகளில் நான் உதவி டைரக்டர். கிளாப் அடிப்பதும் திட்டு வாங்குவதும் என் இலாகா. அது போதாதென்று ஒரு நாள் வாயைத் திறந்து சிபாரிசும் செய்தேன்.

செங்கல்பட்டில் டிக்கெட் போட்டு நடந்த குஸ்தியில் கருங்குழி கோதண்டத்தைப் பார்த்திருந்தேன். கதவு அகலத்துக்கு மார்பு. அவர் விழுந்தால் மேடைதான் அலறும். அவருக்கு ஒரு கீறல் இருக்காது. எங்கள் படத்து வில்லனுக்கு ஓர் அடியாள் தேவைப்பட்டது. "நான் ஆள் கொண்டு வரேன் சார்" என்றேன்.

"சரியா வரலேன்னா அவனோட நீயும் பஸ் ஏறிடு" என்றார் டைரக்டர். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டதில்லை.

2. பன்னிரண்டு டேக்

மாமல்லபுரம் கடற்கரை. ஹீரோ குத்துகிறார், கோதண்டம் மணலில் விழுந்து சாகிறார், ஹீரோ பிணத்தைத் தாண்டிப் போய் மற்ற அடியாட்களை உதைக்கிறார். எல்லாம் ஒரே ஷாட். ஹீரோவின் கால்ஷீட் அன்று சாயங்காலத்தோடு சரி.

முதல் டேக். காவியங்களில்கூட அவ்வளவு கச்சிதமான சாவை நான் படித்ததில்லை. அடுத்த நொடி, பிணம் வலது தோளை விருட்டென்று தூக்கியது.

"கட்! யோவ், செத்தவன் ஏன்யா எழுந்துக்கற?"

"சாரி சார்."

இரண்டாவது டேக்கிலும் அதே தோள். ஏழாவதிலும் அதே தோள். வேடிக்கை பார்த்த மீனவர் ஒருவர் என்னிடம் அக்கறையாகச் சொன்னார்: "அண்ணாத்த, இவன சாவடிக்கறது உங்களால ஆவாது. நம்மகிட்ட வுடு, வலையப் போட்டு அமுக்கிடலாம்."

பன்னிரண்டாவது டேக் போனபோது வெயில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. டைரக்டர் கத்துவதை நிறுத்திவிட்டார். "செங்கல்பட்டு பஸ் எத்தனை மணிக்கு?" என்று பொதுவாக விசாரித்தார். யாருக்காக என்று எனக்குத் தெரியும்.

3. நாலிலிருந்து

ஒரு சோடாவோடு கோதண்டத்திடம் போனேன்.

"எனக்கும் சாவத்தான் சார் ஆசை. ஒடம்பு கேக்க மாட்டேங்குது. மாஸ்டரு எண்ணிக்கினே கீறாரே!"

ஒலியைப் பிறகு டப்பிங்கில் சேர்ப்போம் என்பதால், ஷாட் ஓடும்போது ஸ்டண்ட் மாஸ்டர் உரக்க எண்ணுவார். ஓர் எண்ணுக்கு ஓர் அடி. 'த்ரீ'யில் கோதண்டம் விழுவார். உடனே மற்ற அடியாட்களுக்காக மாஸ்டர் மறுபடி 'ஒன், டூ' என்று ஆரம்பிப்பார்.

"ரிங்குல மல்லாந்துட்டா ரெஃப்ரி மூணு எண்ணுவாரு சார். அதுக்குள்ள தோளத் தூக்கலன்னா தோத்தோம், மணி அடிச்சிடுவாங்க. மணி அடிச்சப்பறம்தான் எழுந்துக்கலாம். எட்டு வருசப் பொழப்பு. 'டூ'ன்னு காதுல வுழுந்தா தோளு தானா எழுந்துக்குது."

காலையிலிருந்து அவரைத் திட்டிய எவனும், நான் உட்பட, ஏன் என்று பதிலுக்குக் காத்திருந்து கேட்கவில்லை.

மாஸ்டரிடம் ஓடினேன். "எண்ணாம இருக்க முடியுமா மாஸ்டர்?"

"எண்ணாம சண்டையா? போப்பா, போய் கிளாப் அடி."

"சரி, மறுபடி ஒண்ணுக்கு வராம நாலு, அஞ்சுன்னு போங்களேன்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார், இறங்கும் வெயிலைப் பார்த்தார். "நாசமாப் போ" என்று சம்மதித்தார்.

பதின்மூன்றாவது டேக். 'த்ரீ'யில் விழுந்தார். "ஃபோர்! ஃபைவ்! சிக்ஸ்!" கோதண்டத்தின் கணக்கில் மூன்று தாண்டியாயிற்று, தோற்றாயிற்று. கட்டையாகக் கிடந்தார். அலை முகத்தில் ஏறி இறங்கியும் அசையவில்லை.

"கட்! ஓகே!"

எல்லோரும் கைதட்டினார்கள். கோதண்டம் எழுந்திருக்கவில்லை. ஓடிப்போய் உலுக்கினேன். ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"மணி அடிச்சாச்சா சார்?"

இப்போது வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒருவன் ஒரே தப்பை இரண்டாம் முறை செய்தால், முன்னே எங்கே வேலை பார்த்தான் என்று கேளுங்கள். பத்து டேக் மிச்சமாகும்.

அன்று நான் பஸ் ஏறவில்லை. மறுநாள் ஏறி, செங்கல்பட்டில் இறங்கி, அவர் சாகும் ஷாட் முடிந்ததும் அடிக்க ஒரு சைக்கிள் மணி வாங்கினேன். கோதண்டம் ஹீரோவாகி, இனி எந்தப் படத்திலும் சாக வேண்டாம் என்று ஆகும்வரை, அது என் பையிலேயே இருந்தது.